ஆக்லாந்தில் சிக்கிய லடாக் மண்

ஆக்லாந்தில் இறங்கும்வரை என் கவலையெல்லாம் இட்லிப் பொடியைப் பற்றித்தான் இருந்தது. நியூசிலாந்துக்காரர்கள் உணவுப் பொருள் விஷயத்தில் மகா கறார், மறைத்து மாட்டிக்கொண்டால் அபராதம் தீட்டிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் ஆளாளுக்குப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ஆகவே அறிவிப்புப் படிவத்தில் உணவு என்ற இடத்தில் ‘ஆம்’ என்று அழுத்தமாகக் குறித்தேன். பொடியையும் எலுமிச்சை ஊறுகாயையும் கைப்பையின் மேலாகவே எடுத்து வைத்துக்கொண்டேன். வெளியிடத்தில் பயன்படுத்திய கருவி உண்டா, மண் ஒட்டிய பொருள் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் யோசிக்காமல் ‘இல்லை’ என்று குறித்தேன். என் தோள்பையில் லடாக் மலைச் சேறு அப்பிய ஒரு கேபிள் சுருள் கிடந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று செய்யவில்லை. கருவிப் பிரிவில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு அந்தச் சேறு சேறாகவே தெரியவில்லை, அவ்வளவுதான். அது கருவியின் ஒரு பகுதி.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வருடம் முழுக்க உருகாமல் உறைந்தே கிடக்கும் நிலத்தை உறைநிலம் என்கிறோம். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் மட்டுமல்ல, நம் லடாக்கின் உயரங்களிலும் அது உண்டு. அதில் ஆழமாகத் துளையிட்டு, வெப்பம் அளக்கும் சென்சார்களை ஒரு கேபிளில் வரிசையாகக் கோத்து உள்ளே இறக்கிவிடுவோம். பூமி சூடாகிறதா என்று அறிய, உலகம் முழுக்க இப்படித் துளை போட்டு வைத்திருக்கும் நாடுகள் சேர்ந்து ஒரு கண்காணிப்பு அமைப்பு வைத்திருக்கின்றன. அதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. துளையிலிருந்து எடுத்த கேபிளைத் துடைக்கக் கூடாது, கழுவக் கூடாது, பிய்ந்த இடத்தில் டேப்கூட ஒட்டக் கூடாது. எப்படி வந்ததோ அப்படியே வேறொரு நாட்டின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும். தன் கருவியைத் தானே சோதித்துவிட்டுச் சரி என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை.

எங்களுக்கு அமைந்த ஆய்வகம் ஆக்லாந்தில் இருந்தது. பனியே பெய்யாத ஊரில் பனிநிலக் கருவிக்குப் பரீட்சையா என்று என் கணவர் சிரித்தார். அண்டார்டிகாவில் இறக்குகிற கேபிள்களை அங்கேதான் சோதிக்கிறார்கள் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

விமான நிலையத்தில் என் பொடியைப் பார்த்த அதிகாரி வயதான பெண்மணி. டப்பாவைத் திறந்து முகர்ந்து, தும்மி, சிரித்துக்கொண்டே, “இதை எதோடு சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டார். நல்லெண்ணெயின் பெருமையைச் சொன்னேன். ஊறுகாயையும் பார்த்துவிட்டு இரண்டையும் திருப்பித் தந்தார். எனக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. “வேறு ஏதாவது உண்டா? மலையேறிய காலணி, கூடாரம், வெளியில் பயன்படுத்திய சாமான்?” என்று அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எக்ஸ்ரே இயந்திரத்துக்கு முன்னாலேயே வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். பையைத் திறந்து காட்டினேன். பிளாஸ்டிக் உறைக்குள் கேபிள், அதன் மேல் விரல் கனத்துக்குக் காய்ந்த சாம்பல் நிறச் சேறு, நடுநடுவே ஏதோ புல்லின் வேர். பொடிக்காகச் சிரித்த முகம் சட்டென்று மாறிவிட்டது. கையுறை மாட்டிக்கொண்டு உறையின் வாயை மறுபடி கட்டினார். இன்னொருவரை அழைத்தார்.

“நீங்களாகச் சொன்னதால் அபராதம் இல்லை, எச்சரிக்கை மட்டும்” என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கேபிள் உள்ளே வராது. திருப்பி அனுப்பலாம், அழித்துவிடலாம், அல்லது வெப்ப அறையில் வைத்துச் சூடேற்றிக் கிருமி நீக்கித் தரலாம். மண் ஒட்டிய சாமானுக்குப் பெரும்பாலும் செய்வது மூன்றாவதுதான், சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஆறுதலாகச் சொன்னார் அந்தப் பெண்மணி.

“சூடேற்றக் கூடாது” என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் கூடாது என்பதுதான் இந்தக் கதை முழுவதும். சென்ற வருடம் அந்தத் துளையின் அடியிலிருந்து மூன்றாவது சென்சார் திடீரென்று உருகுநிலையைத் தொட்டுவிட்டதாகக் காட்டியது. இரண்டு காரணம் இருக்கலாம். நிலம் உண்மையாகவே உருகத் தொடங்கியிருக்கலாம். அல்லது கேபிளின் இணைப்புக்குள் ஈரம் புகுந்திருக்கலாம். ஈரம் புகுந்தால் சென்சார் உள்ளதைவிடச் சூடாகக் காட்டும். எது என்று ஆய்வகத்தில் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் அதற்குமுன் கேபிளை வெப்ப அறையில் வைத்தால் ஈரம் ஆவியாகிப் போய்விடும். அப்புறம் ஈரம் இருந்ததா இல்லையா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

இது என் கௌரவப் பிரச்சினை மட்டும் என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். துளை இருக்கும் மலைச்சரிவுக்கு நேர் கீழே நோர்புவின் கிராமம் இருக்கிறது. எங்களை வருடாவருடம் ஜீப்பில் மேலே ஏற்றிக்கொண்டு போவது நோர்புதான். மகளுக்குக் கல்யாணம் முடித்து, பிறந்த வீட்டோடு வைத்துக்கொள்வதற்காகச் சரிவின் அடிவாரத்தில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தான். சரிவைப் பிடித்து வைத்திருப்பதே உள்ளே உறைந்த பனிதான், அது உருகினால் சரிவு இறங்கலாம் என்று நாங்கள் சொன்னதும், கிராமத்தார் கட்டட வேலையை நிறுத்திவிட்டார்கள். கருவி சரியா என்று தெரியும்வரை ஒரு கல் வைக்கக் கூடாது. அங்கே வீடு கட்ட முடிவது கோடையில் மட்டும். கோடை தொடங்கப் போகிறது.

என்னை அழைத்துப்போக பவானி அக்கா வந்திருந்தார். என் தோழியின் நாத்தனார், யாழ்ப்பாணத்துக்காரர், ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் வீடு. நான் வெளியே வர வெகுநேரமாகிவிட்டதால் முகம் வெளிறிப்போய் நின்றார்.

“என்ன தங்கச்சி, உங்கள உள்ளுக்க பிடிச்சு வச்சிட்டாங்களோ எண்டு பயந்து போனன்.”

“என்னை விட்டுட்டாங்கக்கா. என் கேபிளைப் பிடிச்சு வச்சிக்கிட்டாங்க.”

“பொடி?”

“அது வந்துடுச்சு.”

“அப்ப சாப்பாட்டுக்குப் பிரச்சினையில்லை” என்று காரைக் கிளப்பினார்.

ஹில்ஸ்பரோ அமைதியான இடம். அவ்வளவு அமைதி எனக்கு ஆகாது. கவலைப்பட நிறைய நேரம் கிடைத்துவிடுகிறது. இலையுதிர் காலம். வீட்டு வாசல்களில் அட்டைப் பெட்டிகளில் பச்சைப் பச்சையாக ஏதோ காயைப் போட்டு, இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஃபீஜோவாவாம். மரம் காய்த்துத் தள்ளுவதை என்ன செய்வது என்று தெரியாமல் தெருவில் வைக்கிறார்கள். கொய்யாவுக்குச் சென்ட் போட்ட மாதிரி ஒரு வாசனை. வெட்டிக் கரண்டியால் சுரண்டித் தின்ன வேண்டும். நன்றாகத்தான் இருந்தது. நாலைந்து தின்ற பிறகு கேபிள் ஞாபகம் வந்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வெளிநாடாயிற்றே என்று ஒழுங்காக, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. பக்கத்து டெய்ரியிலிருந்து, அதாவது பால், ரொட்டி, மிட்டாய் எல்லாம் விற்கும் மூலைக்கடையிலிருந்து, ஒரு குஜராத்திக்காரர் வெளியே வந்து, “கை காட்டணும் பஹன், காட்டினாத்தான் நிறுத்துவான்” என்று இந்தியில் சொன்னார். சென்னையில் கையும் காலும் காட்டி, பின்னால் ஓடியும் பஸ் நிற்காமல் பழகிய எனக்கு இப்படி ஒரு சோதனை. ஏறியபிறகு இன்னொரு ஆச்சரியம். இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். நானும் சொன்னேன். நான் சொன்ன சத்தத்தில் அவரே திடுக்கிட்டார்.

ஆய்வகத்தில் ஹெலன் காத்திருந்தார். உயரமான, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிய பெண்மணி, உறைநிலக் கருவிகளுக்குப் பரீட்சை வைப்பவர். அந்தச் சமயம் பல நாட்டுக்காரர்கள் தங்கள் தங்கள் கேபிளோடு வந்திருந்தார்கள். நார்வேக்காரரின் கேபிள் பளபளவென்றிருந்தது.

“உங்களுடையது ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது? துடைக்கக் கூடாது என்பதுதானே வழக்கம்?” என்று பொறாமையோடு கேட்டேன்.

“துளைக்குள் முதலில் குழாயை இறக்கி, அதற்குள்தானே கேபிள்? மண் எப்படிப் படும்?” என்றார் அவர்.

எங்கள் துளையில் குழாய் நெளிந்து உடைந்துவிட்டது, கேபிள் நேராக மண்ணில்தான் கிடந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஹெலன் என்னைத் தனியே அழைத்து, “துடைக்காதே என்று நாங்கள் சொன்னது நிஜம்தான். இந்த நாட்டு எல்லைக்கும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும்” என்றார். பழியைப் பாதி தன்மேல் போட்டுக்கொண்டார், பாவம். ஆனால் அடுத்து சொன்னதில் சலுகை எதுவும் இல்லை. வருகிற புதன்கிழமை சோதனைத் தொட்டி அண்டார்டிகாக் கருவிகளுக்குப் போய்விடும். அதற்குள் கேபிள் வர வேண்டும், சூடு படாமல் வர வேண்டும். இல்லாவிட்டால் துளையின் பதிவுகள் ஐயத்துக்குரியவை என்று குறிக்கப்படும்.

மத்தியானம் நோர்பு போனில் வந்தான். அவனுக்கு அது காலைத் தேநீர் வேளை. அவன் பேசுவது இந்தி, தமிழில் தருகிறேன்.

“மேடம்ஜி, மிஷின் கெட்டுப் போயிருக்கா?”

“இன்னும் பார்க்கல நோர்பு. ஏர்போர்ட்ல மாட்டிக்கிச்சு.”

“கெட்டுத்தான் போயிருக்கும் மேடம்ஜி. அன்னிக்கு இறக்கும்போதே ஒரு இடத்துல கல்லுல உரசுச்சு, நான் பார்த்தேன்.”

அவன் குரலில் இருந்த ஆசை எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கேபிளை இறக்கியது நான். அது கெட்டுப்போயிருந்தால் என் இத்தனை வருட வேலை குப்பைக்குப் போகும். கெட்டுப்போகாவிட்டால் அவன் வீடு போகும். அவனிடம் ‘கவலைப்படாதே’ என்று சொல்ல வாயெடுத்தேன். எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்வது? கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்று இரவு புட்டும் மீன் குழம்பும். கூடவே குமரா என்று ஒரு கிழங்குப் பொரியல். நம் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் உறவுக்காரன். நான் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த பவானி அக்கா விஷயத்தை முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த நாள் சனிக்கிழமை. என்னைக் குளிக்கச் சொல்லி முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கோயிலில் கூட்டம். மலேசியத் தமிழில் ஒருவர் போனில் யாரையோ ‘என்னா லா’ என்று அதட்டிக்கொண்டிருந்தார், ஒரு மதுரைக்காரர் வீட்டு மார்ட்கேஜ் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும் முன்னால் பவானி அக்கா என் காதோடு கேட்டார்.

“தங்கச்சி, இப்ப நான் என்னத்துக்கு நேருறது? கருவி பிழையா இருக்கோணும் எண்டோ, சரியா இருக்கோணும் எண்டோ?”

நான் தட்டில் கிடந்த பூவைச் சரிசெய்தேன்.

“சொல்லுங்கோ. ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

“கேபிள் வந்து சேரணும்னு வேண்டிக்கங்கக்கா. அது போதும்.”

“ஓம், அது நல்லது. மற்றத அவன் பாப்பான்” என்று தட்டை நீட்டினார். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். பவானி அக்கா கொஞ்சமும் தயங்காமல், “நோர்பு. நட்சத்திரம் தெரியாது” என்றார். லடாக்கில் புத்தரைக் கும்பிடுகிற ஒருவன் பெயருக்கு ஆக்லாந்து முருகன் சன்னதியில் அர்ச்சனை நடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பெயரைச் சொல்லாமல் விட்டாரே என்று கொஞ்சம் வருத்தமும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகங்கள் மூடியிருந்தன. நான் கூண்டில் போட்டது போல வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பவானி அக்காவின் கணவர் குகன் அண்ணா என்னைப் புக்கெகோஹிக்கு அழைத்துப் போனார். அங்கே காய்கறிகளைப் பொதி கட்டும் கொட்டகையில் அவர் மேற்பார்வையாளர். ரயிலில் போகலாமே, ஊர் பார்க்கலாமே என்றேன். வார இறுதி ஆனால் தண்டவாளத்தில் வேலை இருக்கும், ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அந்த பஸ் எங்கே நிற்கும் என்று பஸ்ஸுக்கே தெரியாது என்றார். காரிலேயே போனோம்.

செக்கச் செவேல் என்று உழுத மண், கண்ணுக்கு எட்டும்வரை. நான் ஆசையாக வரப்பில் இறங்கக் காலை எடுத்து வைத்தேன். குகன் அண்ணா கையை நீட்டி மறித்தார்.

“நில்லுங்கோ பிள்ளை. சப்பாத்தைக் கழுவிப்போட்டு இறங்குங்கோ.”

ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர், ஒரு பிரஷ். அவரும் தன் காலணியைத் தேய்த்தார், நானும் தேய்த்தேன். ஒரு தோட்டத்து மண் இன்னொரு தோட்டத்துக்குப் போகக் கூடாதாம். ஒரு முறை ஏதோ நோய் வந்து பக்கத்துத் தோட்டக்காரர் விதைத்ததையெல்லாம் உழுதுபோட வேண்டியதாயிற்றாம்.

“அண்ணா, என் கேபிள்ல இருக்கிறது மலை மேல உறைஞ்சு கிடந்த மண். அதுல என்ன உயிர் இருந்துடப் போகுது?” என்றேன். மூன்று நாளாக மனதில் இருந்த புகைச்சல் வெளியே வந்துவிட்டது.

“என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

தெரியாது. உறைநிலத்தில் காலங்காலமாக என்னென்னவோ உறங்கிக் கிடக்கின்றன, உருகினால் என்ன எழுந்து வரும் என்று தெரியாது என்று நானே எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன். விமான நிலையப் பெண்மணிமேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

கொட்டகைக்குள் வெங்காயம் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட பட்டையில் வந்து, சுழலும் பிரஷ்களுக்கு நடுவே புரண்டு, மண்ணும் சருகும் உதிர்ந்து, வழவழவென்று மறுபக்கம் வந்தது. தூசியை மேலே ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டது. நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இதைக் கழுவ மாட்டீங்களா அண்ணா?”

“வெங்காயத்தைக் கழுவினா அழுகிப் போயிடுமெல்லோ. காய வச்சு, பிரஷ் போடுறதுதான். ஏன், வீட்டுக்குக் கொஞ்சம் எடுப்பமோ?” என்று அவர் சாக்கு தேடப் போனார்.

எனக்கு வெங்காயம் வேண்டாம். தண்ணீரும் வேண்டாம், சூடும் வேண்டாம். காய்ந்த மண்ணைக் காய்ந்தபடியே பிரஷ் போட்டு எடுத்து, உறிஞ்சி, பையில் கட்டி அவர்களிடமே கொடுத்துவிட்டால்? துடைக்கக் கூடாது என்ற சம்பிரதாயம் கெடும். ஆனால் ஈரம் இருந்தால் ஈரம் உள்ளேயே இருக்கும். கொட்டகை வாசலில் நின்றே ஹெலனுக்குப் போன் போட்டேன். விடுமுறை நாளில் யாரையாவது தொந்தரவு செய்தால் அவர்களுக்குப் பிடிக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஹெலன் கேட்டுவிட்டு, “மேலே மண் போனால் பரவாயில்லை. உள்ளே ஒன்றும் மாறக் கூடாது. நான் எழுதித் தருகிறேன்” என்றார்.

திங்கட்கிழமை மனுகாவ் பக்கம் ஒரு கிடங்கு. தடுத்து வைத்த சாமான்களையெல்லாம் அங்கேதான் வைத்திருந்தார்கள். விமான நிலையத்துப் பெண்மணி அல்ல, இளைஞர் ஒருவர் ஹெலனின் கடிதத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்று போனவர் வெகுநேரம் திரும்பி வரவேயில்லை. உட்கார முடியாமல் நான் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பக்கத்தில் காத்திருந்த ஒருவர், மலையேறும் காலணிகளுக்காக வந்தவர், “கவலைப்படாதீர்கள், அவர்கள் நல்லவர்கள். என் காலணியை என்னைவிட நன்றாகக் கழுவித் தருவார்கள்” என்றார். அதைக் கேட்டதும் என் நடை இன்னும் வேகமானது.

கடைசியில் அனுமதித்தார்கள். மூடிய அறை, வெள்ளை அங்கி, முகமூடி. அந்த இளைஞர் பார்த்துக்கொண்டு நிற்க, நானே பிரஷ் போட வேண்டும், ஒரு துகள் இருந்தாலும் சூடுதான். சென்சார் சென்சாராக, இணைப்பு இணைப்பாகத் தேய்த்தேன். ஒரு தாயின் பொறுமையோடு என்று எழுத ஆசைதான். உண்மையில் எப்போது முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் தேய்த்தேன். அடியிலிருந்து மூன்றாவது சென்சார் வந்தபோது, அதன் மேலுறையில் நீளமாக ஒரு கீறல் தெரிந்தது. நோர்பு சொன்ன உரசல். அவன் சொன்னது சரிதான் என்று தோன்றியது. வேலை என் வேலை, தப்பு என் தப்பு, போயிற்று எல்லாம். இளைஞர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆல்கஹால் துணியால் மேலே ஒரு முறை துடைக்கச் சொன்னார். லடாக் மண் ஒரு பையில் கட்டப்பட்டு எரிக்கும் அறைக்குப் போனது. கேபிளை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் ஹெலனின் தொட்டி. சுத்தமான நீரில் செய்த ஐஸைத் தூளாக்கி, அதே நீரில் குழைத்து வைத்தால், ஐஸ் கரைந்து முடியும்வரை பூஜ்யம் டிகிரியில் அசையாமல் நிற்கும். உலகத்தில் இதைவிட எளிய, இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. சென்சாரை அதில் முக்கினால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது பொய் சொல்கிறது.

முதலில் ஈரப் பரிசோதனை. மூன்றாவது சென்சாரின் கம்பிகளில் ஹெலன் மீட்டரை வைத்தார். கீறல் மேலுறையோடு நின்றிருந்தது. உள்ளே உலர்ந்து கிடந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள். திரையில் எண் ஆடி ஆடி இறங்கியது. மூன்றாவதன் முறை வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, ஹெலனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பூஜ்யம்” என்றார் ஹெலன். “துளியும் விலகவில்லை.”

நான் கத்திவிட்டேன். ஐஸ் தண்ணீர் சொட்டும் கையோடு அவரைக் கட்டிப்பிடித்தேன். அடுத்த அறையிலிருந்து நார்வேக்காரர் எட்டிப் பார்த்துக் கை தட்டினார். நான் இறக்கிய கேபிள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மேலே மூச்சு முட்ட முட்ட ஏறி இறங்கிய கோடைகளெல்லாம் கணக்கில் சேர்ந்துவிட்டன. வெகுநாளைக்குப் பிறகு மனசு விட்டுச் சிரித்தேன்.

ஹெலன் கையைத் துடைத்துக்கொண்டே திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியென்றால் அந்தச் சரிவு உண்மையாகவே உருகிக்கொண்டிருக்கிறது” என்றார்.

எனக்கு அது தெரியும். தெரிந்தும்தான் சிரித்தேன்.

இந்த முறை நான்தான் நோர்புவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“மேடம்ஜி! கெட்டுப் போயிருந்ததா?”

“இல்ல நோர்பு. சரியா இருக்கு. நீ சொன்ன இடத்துல கீறல் இருந்துச்சு, ஆனா உள்ளே ஒண்ணும் ஆகல.”

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் வைக்கிற ஓசை கேட்டது.

“சந்தோஷம் மேடம்ஜி” என்றான். “உங்க கஷ்டம் வீண் போகல.”

குத்திக் காட்டவில்லை, நிஜமாகத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெலனுக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மன்னிச்சுக்க நோர்பு என்றேன். அதெல்லாம் எதற்கு மேடம்ஜி, நீங்களா மலையைச் சூடாக்கினீங்க என்றான். பிறகு குரல் கொஞ்சம் தெளிந்தது. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான் போல.

“அஸ்திவாரக் கல்லைப் பேர்த்து எடுத்துடலாம், உடையாது. ஊர்ல ரெண்டு இடம் காட்டுறாங்க. பாப்ளர் தோப்புக்குப் பின்னாடி ஒண்ணு, வாய்க்கால் மேட்டுல ஒண்ணு. எது கெட்டித் தரை மேடம்ஜி? நீங்க சொல்ற இடத்துல வச்சிடறேன். பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், மேடம்ஜி சொல்ற இடம்னு.”

அந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் எனக்குத் தெரிந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு துளை. தோப்பைத் தாண்டி ஜீப்பில் போயிருக்கிறேன். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அவன் மனைவி கொடுத்த உப்புத் தேநீர் குடித்திருக்கிறேன்.

“எனக்குத் தெரியாது நோர்பு. அந்த ரெண்டு இடத்தையும் நான் அளந்ததே இல்ல.”

“அளக்கலையா?” அவன் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். “இத்தனை வருஷமா வந்துட்டுப் போறீங்களே மேடம்ஜி!”